எனப் பரவலாகக் கருதப்படுகிறது

மலைக்கு அந்தப் பக்கம் மழையெல்லாம் பெய்து தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் காற்று மட்டும் வந்து சேர்கிற செந்நிலப்பேரியில், பேருந்து நிலையத்துக்கு எதிரே அல்வாக் கடை வைத்திருக்கும் ஆவுடையப்ப அண்ணாச்சியின் வாய், ஆனி மாதத்து ஒரு காலையில் அவர் பேச்சைக் கேட்காமல் போயிற்று. அரைக் கிலோ வேண்டும் என்று வந்தவரிடம், தராசில் எடைக்கல்லை வைத்துக்கொண்டே, "இவரது கடை அல்வாவில் மெழுகு கலக்கப்படுகிறது" என்றார். சூடாக இருக்கிறதா என்று கேட்டவரிடமும் அதையே சொன்னார். என்னங்க ஆச்சு என்று பதறி ஓடிவந்த மனைவியிடமும் அதையே சொன்னார். கையால் வாயைப் பொத்திக்கொண்டபோது பொத்திய கைக்குள்ளிருந்தும் அதுவே வந்தது. எழுதிக் காட்டச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார்கள், கையும் அதையே எழுதியது.

வாயில் கோளாறு என்றால் அந்த ஊரில் போவதற்கு ஓர் இடம்தான் உண்டு என்பதால், அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து எதிர்மாடியில் இருக்கும் பல் டாக்டர் பியூலா ஜெபமணியிடம் கொண்டுபோனார்கள். பியூலா விளக்கை இறக்கிப் பார்த்தாள். நாக்கு சுத்தம், ஈறு பரவாயில்லை, கடைவாயில் ஒரு சொத்தை, அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடை அவளுக்குப் பழகிய நடையாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிற பொதுக்களஞ்சியத்தில், நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே கிடைக்கிற நேரத்திலெல்லாம் பல வருஷமாக எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருப்பவள் அவள். செந்நிலப்பேரிக்கு ஒரு பக்கம், அதன் பெரிய குளத்துக்கு ஒரு பக்கம், கபடியில் மாநிலத்துக்கு ஆடிய மாடக்கண்ணுக்கு ஒரு பக்கம், ஊர் பேரை வெளியூருக்குக் கொண்டுபோன அல்வாவுக்காக ஆவுடையப்பருக்கு ஒரு பக்கம் என்று தொடங்கிவைத்தவளும் அவள்தான். கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் அவர் பக்கத்தைத் திறந்தாள். முந்தின நாள் மாலை பேரில்லாத யாரோ அந்த மெழுகு வரியைச் சேர்த்திருந்தார்கள், அதற்கு மேற்கோள் ஒன்றும் இல்லை. உயிரோடிருக்கும் மனிதரைப் பற்றி ஆதாரமில்லாமல் கெடுதலாக எழுதியிருந்தால் கேள்வியே கேட்காமல் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது களஞ்சியத்தின் விதி. எடுத்தாள்.

"இந்த நாற்காலி ரொம்பச் சாஞ்சிருக்கு டாக்டரம்மா, முதுகு புடிக்கி" என்றார் ஆவுடையப்பர்.

அதற்குப் பிறகு மாடக்கண்ணுக்கு வந்தது, நர்சரிப் பள்ளி தாளாளருக்கு வந்தது, பக்கம் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நாள் வந்தது, ஊரும் காய்ச்சல் தலைவலியைப் போல அதைப் பழகிக்கொண்டது. அதற்கு ஒரு பேரும் வைத்தார்கள். யாராவது சம்பந்தமில்லாமல் எழுத்துத் தமிழில் பேசத் தொடங்கினால், "பாவம், பக்கம் விழுந்துட்டு" என்பார்கள். பக்கம் விழுந்தவரைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆட்டோக்காரர்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நிலம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இருந்தால் பயந்தார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் இளப்பமாகவும் பார்த்தார்கள். மாடக்கண்ணு கோவிலுக்குப் போய்த் தன் பக்கத்தின் பேரில் அர்ச்சனை செய்தார். அர்ச்சகர் பக்கத்துக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டதற்கு, அது தொடங்கிய நாளைக் கணக்குப் போட்டுப் பூராடம் என்று சொன்னார்.

இதில் ஒன்றை மட்டும் பியூலா கவனித்துவைத்திருந்தாள். ஆவுடையப்பர் மெழுகு என்று சொன்னபோது ஊர் சிரித்தது, மாலையில் அவர் கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம் நின்றது. ஏனென்றால் ஆவுடையப்பரை ஊருக்குப் பிடிக்கும்.

சேர்மன் கோமதிநாயகியை ஊருக்குப் பிடிக்காது.

பேரூராட்சித் தலைவியாக இரண்டாவது முறை இருக்கிற அந்த அம்மாள் யாரையும் உட்காரச் சொல்லிப் பேசியதில்லை. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று போனால், குடத்தைக் கழுவி வச்சிருக்கியா என்று திருப்பிக் கேட்பாள். பியூலாவின் மருத்துவமனைக்கு ஏறுகிற சிமெண்ட் படி சாக்கடை மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு முன்னால் பொக்லைன் கொண்டுவந்து இடித்தாள். அன்றிலிருந்து சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படிதான். மூட்டுவலிக்காரர்கள் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார்கள். அந்த நாளிலிருந்து பியூலா அவளோடு பேசுவதில்லை. படி இடித்ததைக் களஞ்சியத்தில் சேர்மனுக்கு இருக்கிற பக்கத்தில் எழுதலாமா என்று ஒருநாள் நினைத்தாள், எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை, தன்னுடைய ஆத்திரம் மேற்கோள் ஆகாது என்று விட்டுவிட்டாள்.

கோமதிநாயகிக்குப் பக்கம் விழுந்தது அடுத்த வருஷத்து ஆனியில் ஒரு புதன்கிழமை, புது ரேஷன் கடையைத் திறந்துவைக்க ரிப்பனை வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்த நேரத்தில். ஒலிபெருக்கி தெருக்கோடி வரை அதைக் கொண்டுபோனது: "கோமதிநாயகி தம் கணவரைச் சோற்றில் நஞ்சு வைத்துக் கொன்றார் எனப் பரவலாகக் கருதப்படுகிறது."

வாய் பேசுவது பக்கத்தின் பேச்சு என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே மறுபடியும் மறுபடியும் அதைச் சொன்னாள், ஊர் அவள் தலையைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தது. "பக்கம்தான் விழுந்திருக்கு, ஒத்துக்கிடுதேன், ஆனா மெழுகுன்னு எழுதினவனுக்கு மெழுகு தோணுச்சு, இவளுக்கு விஷம்னு ஏன் தோணணும்?" என்று ஒருவர் கேட்டார். "அவளே சொல்லுதாளே" என்றார் இன்னொருவர். அவள் புருஷன் ஆறுமுகநயினார் செத்து எட்டு வருஷமாகிறது, ஒரே நாளில் செத்தார், சீக்கிரமாக எரித்தார்கள் என்பதெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம்வரை யாருக்கும் நினைவிலில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே பல் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். கோமதிநாயகி ஓடவில்லை. தான் படியை இடித்த மாடிக்குத் தானே ஏறிப்போய் நிற்பதைவிட வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பது மேல் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீம்பில் இரண்டு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்த 'தென்திசைச் சங்கு' மாலைப் பத்திரிகையில் அவள் மைக் பிடித்த படத்தோடு, "கணவரைக் கொன்றேன்: பெண் சேர்மன் பகிரங்க ஒப்புதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நிருபர் வெளியூர்க்காரர். அதே வெள்ளிக்கிழமைதான் உரக்கடை பால்துரை, பேரூராட்சியின் துணைச் சேர்மன், திங்கட்கிழமை கூட்டத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்போவதாக எல்லாருக்கும் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் இரும்புப் படியில் ஒரு பெண் ஏறிவந்தாள். சேர்மனின் ஒரே மகள் சங்கரவடிவு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், செய்தி கேட்டு வந்தவள். முகத்தில் தூக்கம் இல்லை.

"டாக்டர், எங்க அம்மாவுக்கு உங்களைக் கண்டா ஆகாது, உங்களுக்கும் அவங்களைக் கண்டா ஆகாது, எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நீங்கதான் எடுக்கணும்."

"உக்காரும்மா. வெளியூர்ல பல் முகாம்னு மூணு நாளா போயிருந்தேன், களஞ்சியத்தைத் திறக்கவே நேரமில்ல, இப்பத்தான் வாறேன். பாத்திருந்தா நீ வந்து கேக்க வேண்டியதே இல்ல." பியூலா கைபேசியைத் திறந்தாள். வரி அங்கே இருந்தது. வாசித்தபோது தனக்குள் ஒரு மூலையில், படி இடிந்து விழுந்த சத்தத்தைக் கேட்ட மூலையில், சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்து உட்கார்ந்ததையும் அவள் கவனித்தாள். அது உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு வரியை நீக்கினாள். "வீட்டுக்குப் போன் போட்டுப் பாரு."

சங்கரவடிவு போட்டாள். எடுத்தவுடனே அந்தப் பழைய அதட்டல் அறை முழுக்கக் கேட்டது. "ஏட்டி சங்கரி, எங்க போயிருக்க? அந்தப் பல்லு டாக்டர்ட்டயா? யாரைக் கேட்டுப் போன? உனக்குப் போக வேற எடம் கோமதிநாயகி தம் கணவரைச் சோற்றில் நஞ்சு வைத்துக் கொன்றார் எனப் பரவலாகக் கருதப்படுகிறது."

மகள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

பியூலா பக்கத்தைப் புதுப்பித்தாள். வரி திரும்ப வந்திருந்தது. இப்போது அதன் வாலில் ஒரு மேற்கோளும் இருந்தது: தென்திசைச் சங்கு, வெள்ளிக்கிழமைப் பதிப்பு. சேர்த்தவர் பெயர் 'உண்மைக்குரல்'. அவள் நீக்கினாள், உண்மைக்குரல் சேர்த்தது. அவள் மறுபடி நீக்கினாள், அது மறுபடி சேர்த்தது. மேலத்தெருவில் சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாய் திறந்து திறந்து மூடியது. தண்ணி கொண்டா என்று தொடங்கிய பேச்சு நஞ்சில் முடிந்தது, ஐயோ என்று தொடங்கியது எனப் பரவலாக என்று முடிந்தது, அதைக் கேட்க ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். பால்துரையின் உரக்கடைப் பக்கம் நாலைந்து பேர் ஒரு கணினியைச் சுற்றி நிற்பதாக அல்வாக் கடையிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னார். உண்மைக்குரல் யார் என்று பியூலாவுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வதென்றால் இந்த அம்மாள் கொலைகாரி என்பதையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவள் அந்தப் பெயரை யார் மேலும் ஒட்டாமல் விட்டாள்.

சாயங்காலத்துக்குள் களஞ்சியத்தின் நிர்வாகி வந்துவிட்டார். மட்டக்களப்பில் ஒரு பள்ளியில் கணிதம் படிப்பிக்கிற தயாநிதி என்கிற பெண். பியூலாவோடு வருஷக்கணக்காகச் சேர்ந்து திருத்துகிறவர், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தோடும் வாதாடுவதற்கென்று ஒட்டியிருக்கும் பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதிவைத்தார்: இருவர் மாறி மாறித் திருத்திக்கொள்வதால் பக்கம் பூட்டப்படுகிறது, மேற்கோள் தரப்பட்டிருக்கிறது, அது தகுந்ததா என்று பேசி முடிவெடுக்கும்வரை யாரும் தொட வேண்டாம். பூட்டுகிற நேரத்தில் பக்கம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பூட்டினார். வரி உள்ளே இருந்தது.

கோமதிநாயகியின் வாயும் பூட்டப்பட்டது.

ஞாயிறு முழுக்கப் பியூலா பேச்சுப் பக்கத்தில் எழுதினாள். எழுதியதற்கெல்லாம் யார் யாரோ பதில் எழுதினார்கள். அச்சான பத்திரிகை அல்லவா, அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார் அல்லவா, இதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் எழுதியதுதான் வாயில் வரும் என்று அவளால் எழுத முடியவில்லை. அது உண்மைதான், ஆனால் அதற்கு மேற்கோள் கிடையாது. சங்கரவடிவு சாயங்காலம் மறுபடி ஏறிவந்து, உட்காராமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"டாக்டர், களஞ்சியத்துல எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு போட்டிருக்கா?"

"இறந்தார்னு வருஷம் மட்டும்தான் இருக்கு."

"நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். வந்து பாக்கும்போது ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. முகத்தைக்கூடச் சரியாக் காட்டல." திரும்பிப் பியூலாவைப் பார்த்தாள். "பக்கம்தான் பேசுதுன்னு எனக்கும் தெரியும் டாக்டர். ஆனா அம்மாகிட்ட உக்காந்து நாள் முழுக்க அந்தக் குரல்லயே அதைக் கேட்டா..."

ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்று பியூலாவுக்கு அந்த நேரத்தில்தான் சரியாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை பேரூராட்சிக் கூடத்தில் நிற்க இடமில்லை. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி நடு நாற்காலியில் இருந்தார், அவருக்கு இந்த ஊரின் நோய் தெரியாது, சொன்னாலும் எழுதிக்கொள்ள மாட்டார். கடைசி வரிசையில் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தக் கூடத்தில் சொன்னால் அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், குறிப்பில் ஏறினால் வழக்கு ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோமதிநாயகி தன் இடத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு, கை இரண்டையும் மேசை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். மகள் பார்வையாளர் பெஞ்சில் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பியூலா வராந்தாவில் தூணோரமாக நின்று மட்டக்களப்புக்கு அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. உள்ளே பால்துரை தீர்மானத்தை வாசித்தார். தெருவிளக்கு எரியவில்லை, டெண்டர் கணக்கு காட்டவில்லை, உறுப்பினர்களை மதிப்பதில்லை என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அதில் பாதிக்கு மேல் உண்மை என்று பியூலாவுக்கே தெரியும். வாசித்துவிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இதையெல்லாம் விடுங்க. ஊரே கேட்ட ஒரு விஷயம் இருக்கு. அதை அவியளே எந்திச்சு இந்தச் சபையில சொல்லட்டும். நான் ஒண்ணும் சொல்லல" என்று உட்கார்ந்தார்.

அப்போது கைபேசி துடித்தது.

"பியூலா, சொல்லுங்கோ. சோதனை மண்டபத்திலை நிக்கிறன், அஞ்சு நிமிஷம்தான் வெளிய வந்திருக்கிறன்."

"தயாநிதி, அந்த வரியை எடுங்க."

"மேற்கோள் இருக்குதே. உள்ளூர்ப் பத்திரிகைதான், எண்டாலும் அவவே சொன்னதாப் போட்டிருக்கினம்."

"பேப்பர் வந்தது வெள்ளிக்கிழமை. நம்ம பக்கத்துல அந்த வரி வந்தது புதன்கிழமை. பக்கத்தோட திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்க."

"பாத்தனான். அதால அது பொய்யெண்டு ஆகாதே. புதனுக்கு முன்னமே அவ ஆருக்காவது சொல்லியிருக்கலாம்."

உள்ளே அதிகாரியின் குரல் கேட்டது. "தலைவர் பதில் சொல்லலாம். பதில் இல்லைன்னா இல்லைன்னு பதிவு பண்ணிட்டு வாக்கெடுப்புக்குப் போயிடலாம்." பெஞ்சுகளில் ஒரு அசைவு. "பேசட்டும், பேசட்டும்" என்று யாரோ பின்னாலிருந்து தொடங்க, கூடம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

"பேப்பர்ல அவங்க சொன்னதா மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்கிற வாக்கியத்தை வாசிங்க" என்றாள் பியூலா. "வாய்விட்டு வாசிங்க."

தயாநிதி வாசித்தார். மட்டக்களப்பு வெயிலில், பரீட்சை மண்டபத்துக்கு வெளியே, ஒரு கணக்கு ஆசிரியை செந்நிலப்பேரிச் சேர்மனின் வாக்கியத்தை மெதுவாக வாசித்தார். "கோமதிநாயகி தம் கணவரைச் சோற்றில் நஞ்சு வைத்துக் கொன்றார் எனப் பரவலாகக்..."

நின்றுவிட்டார்.

"எந்தப் பொம்பளை தன்னைப் பத்தித் தானே 'எனப் பரவலாகக் கருதப்படுகிறது'ன்னு சொல்லுவா, தயாநிதி? அது மனுஷர் பேசுற பேச்சா? அது நம்ம பேச்சு. நம்ம பக்கத்துல இருந்து எடுத்து அங்க போட்டாச்சு, இப்ப அங்க இருந்து எடுத்து நம்மகிட்டயே ஆதாரம்னு குடுக்காங்க. நம்ம எழுதினதுக்கு நம்மளே சாட்சியா?"

உள்ளே கோமதிநாயகி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எத்தனையோ கூட்டத்தில் அவளை உட்காரச் சொன்னவர்கள் தோற்றார்கள், இன்றைக்கு எழுந்திரு என்றதற்கு அவள் எழுந்தாள். பயந்து வாயை மூடிக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவன் சொல்வதைவிட, வருவது வரட்டும் என்ற முகம் அது.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ" என்றார் தயாநிதி. "உங்களுக்கு அவவைத் தெரியும். அவ உங்களுக்கு வேண்டியவவோ?"

"இல்ல. எனக்கு அவங்களைப் பிடிக்காது. என் ஆஸ்பத்திரிப் படியை இடிச்சவங்க. இந்தப் பதவியை விட்டு அவங்க போனா நான் சந்தோஷப்படுவேன்." பியூலா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இப்படிப் போகக் கூடாது."

"விளங்குது" என்றார் தயாநிதி. "வையுங்கோ."

உள்ளே பால்துரை தானே மைக்கைத் தூக்கிக்கொண்டு போய், மரியாதையாக, இரண்டு கையாலும், அவள் வாய்க்கு நேரே நீட்டினார். கூடம் அடங்கியது. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கோமதிநாயகி வாயைத் திறந்தாள்.

"கோமதிநாயகி தம் கணவரைச் சோற்றில்" என்றது ஒலிபெருக்கி.

அங்கே நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்த சொல்லுக்காக ஊரே முன்னால் சாய்ந்தது, வரவேண்டிய சொல் வரவில்லை, தொண்டையில் ஏதோ இறங்கியது போல அவள் ஒருமுறை விழுங்கினாள். கண்ணைச் சுருக்கி எதிரே நீட்டியிருந்த கைகளைப் பார்த்தாள்.

"மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியும்வே பால்துரை. மூக்குல இடிக்கி."

வராந்தாவில் பியூலா தூணில் சாய்ந்துகொண்டாள். கோமதிநாயகி பேசினாள். ஐந்து நாளாக உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வந்தது. தெருவிளக்கைப் பற்றிப் பேசினாள், டெண்டரைப் பற்றிப் பேசினாள், யார் யார் எதற்காகத் தன்னிடம் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதையெல்லாம் பேசினாள், புருஷனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரி கேட்டார், "முதல்ல ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று. "அது நான் சொன்னதில்ல" என்றாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து டீ குடிக்கப் போனார்.

வாக்கெடுப்பில் அவள் தோற்றாள். தெருவிளக்குக்காகத் தோற்றாள், குடத்தைக் கழுவி வச்சிருக்கியா என்று கேட்டதற்காகத் தோற்றாள், விஷத்துக்காகத் தோற்கவில்லை. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அது வந்தது, பியூலா அதை மேற்கோளோடு அவள் பக்கத்தில் எழுதினாள், யாருடைய வாயும் கோணவில்லை. அடுத்த மாதம் பால்துரை சேர்மனானார், அவருக்கும் ஒரு பக்கம் வந்தது, வந்த வாரத்திலேயே அவர் உரத்தில் மண் கலப்பதாக அவர் வாயே கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு படியேறி வந்த அவரிடம் பியூலா ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியையும் அதே வேகத்தில் எடுத்தாள். அவர் பேச்சு திரும்பியதும் நன்றி என்று சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் இறங்கிப் போனார்.

ஆவணி பிறந்து காற்று கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு மத்தியானம் கோமதிநாயகி வந்தாள். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். பின்னால் சங்கரவடிவு வந்து வாசலிலேயே நின்றுகொண்டாள். விடுப்பில் மறுபடி வந்திருந்தவள், கோயம்புத்தூருக்குத் திரும்ப அவள் பெட்டி கீழே ஆட்டோவில் இருந்தது.

"பல்லுல ஒண்ணுமில்ல" என்றாள் கோமதிநாயகி, கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். என் பக்கத்தை மொத்தமா எடுத்துருங்க டாக்டரம்மா. நான் இப்ப ஒண்ணுமில்லாதவ. எனக்கு எதுக்குப் பக்கம்?"

"சேர்மனா இருந்தது நடந்ததுதான்மா. அது இருக்கும். தப்பா ஒரு வரி ஏறாமப் பாத்துக்கிடுதோம். அவ்வளவுதான் எங்களால முடியும்."

"பாத்துக்கிடுவியளா?"

"பாத்துக்கிடுதேன்."

கோமதிநாயகி தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை. மேலே தொங்குகிற விளக்கைப் பார்த்தபடியே, வாசலில் நிற்பவளுக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னாள். "அத்தனை நாள் அந்த வீட்டுக்குள்ள எங்கூட இருந்தா. ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. கேட்டிருந்தா அந்த எழவு வாக்கியம்தான் வந்திருக்கும், நெசந்தான். இப்ப வாய் திரும்பி இத்தனை நாளாச்சு. இப்பவும் கேக்கல."

பியூலா கருவித் தட்டைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள். கீழே ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு சங்கரவடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் பக்கத்தில், நோயாளிகள் வாய் கொப்பளிக்கிற தொட்டிக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா எப்படிச் செத்தாங்க?"

கோமதிநாயகி வாயைத் திறந்தாள். என்ன வருமோ என்று அவளுக்கே ஒரு கணம் பயமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. வந்தது அவள் குரல்தான், யாரையும் அதட்டாத, ஊர் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல்.

"அன்னைக்கு நான் சோறே பொங்கல, ஏட்டி" என்று அவள் தொடங்கினாள்.

பியூலா கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள். பாத்திரம் நிறைந்து வழிய, சுத்தமாக இருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாதபடி, வெகுநேரம் கழுவிக்கொண்டே நின்றாள்.